ஓட்டைதான் சின்னது

பித்தப்பையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவரைப் பார்க்கப் போனால், ஜொகூரில் நம் வீடுகளில் முதலில் காதில் விழும் பேச்சு இது: "சின்ன ஓட்டைதானே போட்டாங்க, ஒன்னும் இல்லே." அதைச் சொன்ன வாயே அடுத்த மூச்சில், "பச்சை உடம்பு, அசையாமப் படு" என்றும் சொல்லும். ஒன்றும் இல்லையென்றால் ஏன் அசையக்கூடாது? அசையவே கூடாத அளவுக்குப் பச்சை உடம்பு என்றால், ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொன்னோம்? யாரும் கேட்பதில்லை. முதல் பேச்சு வலி மருந்தைத் தட்டிக்கழிக்க உதவுகிறது, இரண்டாவது நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போட உதவுகிறது. இரண்டும் சேர்ந்து நுரையீரலின் அடிப்பகுதியை மூடிவிடுகின்றன.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று கேட்பவர்களுக்கு: நான் மருத்துவன் அல்ல, ஆனால் இந்தத் தவற்றைச் செய்தவன். சில ஆண்டுகளுக்கு முன் கூலாயில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரருக்குப் பித்தப்பைக் கல். லாரி ஓட்டியவர், இருபது வருடச் சர்க்கரை, சிறுநீரகம் பாதி போயிருந்தது, தொப்பை, வீடு அதிரும் குறட்டை. அறுவைக்கு முன் பார்த்த மயக்கவியல் மருத்துவர், இளம் பெண், பொறுமையாகச் சொன்னார்: "அங்கிள், மயக்கத்தில் இருக்கும்போதே வயிற்றின் இரண்டு பக்கமும் நரம்பு மரத்துப்போக ஊசி போட்டுவிடுகிறேன். எழுந்தபிறகு இருமவும் மூச்சை இழுக்கவும் சுலபமாக இருக்கும்." மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாமென்று. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்ட உறவுக்காரப் பெண் பத்து வருடமாக முதுகுவலி என்கிறாளே, அது போதாதா? அந்த மருத்துவர் வற்புறுத்தவில்லை. அறுவை நன்றாகவே முடிந்தது. எங்கள் அத்தை ஒருவர் வந்து மச்சானை மல்லாக்கப் படுக்கவைத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல், விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜனைத் தொண்ணூறுக்குக் கீழே காட்டியது, எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடி இரண்டும் வெளுத்துக் கிடந்தன. இரண்டு நாளில் வீடு திரும்ப வேண்டியவர் பன்னிரண்டாம் நாள் திரும்பினார். பிழைத்தார், இன்றும் என்னைத் திட்டுகிறார். மருத்துவமனை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கைப்பிடித்துக் கெடுத்தவர்கள் நாங்கள்.

சின்ன ஓட்டை என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். 1985 செப்டம்பரில் ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிச் மூஹே என்ற அறுவை மருத்துவர் முதன்முதலில் துளை வழியே ஒரு பித்தப்பையை எடுத்தபோது, அவருடைய சகாக்கள் அவரைக் கேலி செய்தார்கள். பெரிய அறுவை மருத்துவர் என்றால் பெரிய வெட்டு என்று நம்பிய காலம் அது. இன்று காற்று திசை மாறிவிட்டது. வெட்டு சின்னது என்றால் மற்ற எல்லாமே சின்னது என்று நம்புகிறோம். அளவை வைத்து மதிப்பிடும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

தோலில் இருப்பது அரை அங்குலத் துளைகள் மூன்றோ நான்கோதான், உண்மை. ஆனால் அந்தத் துளை வழியே உள்ளே என்ன நடக்கிறது? வயிற்றைக் கரியமில வாயுவால் பலூன்போல் ஊதுகிறார்கள், வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூடாரம்போல் கவிந்திருக்கும் உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது. அது மேலே போனால் நுரையீரலின் அடிப்பகுதி நசுங்கும். பொது மயக்கத்தில் அனேகமாக எல்லோருக்குமே அந்த அடிப்பகுதி ஓரளவு சுருங்கிக்கொள்ளும், அதன்மேல் இந்த வாயு அழுத்தமும் சேர்கிறது. பிறகு கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கிடந்த பையை உரித்து எடுக்கிறார்கள். உள்ளே நடப்பது திறந்து செய்யும் அறுவையில் நடப்பதேதான். வாசல் மட்டும்தான் சின்னது.

திறந்து செய்வதைவிடத் துளை அறுவை மூச்சுக்கு நல்லது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. ஆழ்ந்து இழுத்து முழுதாக ஊதும் காற்றின் அளவு, திறந்த அறுவை செய்துகொண்டவர்களுக்கு முன்பிருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. துளை அறுவைக்காரர்களுக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு மிஞ்சியது. இந்த எண்ணைக் காட்டித்தான் பலரும் பேச்சை முடிக்கிறார்கள். நான் இங்கேதான் தொடங்குவேன். கால் பங்கு போனது! முப்பது வயதில் ஓட்டப்பந்தயம் ஓடுபவனுக்குக் கால் பங்கு போனால் தெரியாது. புகைபிடித்து, தொப்பையைச் சுமந்து, ஏற்கெனவே குறைந்த மூச்சில் வாழும் ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு அந்தக் கால் பங்குதான் மீதமிருந்த கையிருப்பு.

2023-இன் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருத்தவர்கள். பித்தப்பைக் கல்லுக்கும் பருமனுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. ஆகவே அறுவை மேசைக்கு வருபவர் பாடப்புத்தகத்தின் ஆரோக்கியமான நோயாளியாக இருப்பது அபூர்வம்.

மூச்சின் அருமையை ஜொகூர்காரருக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லைதான். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியபோது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவ உதவி தேடினார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. சுமத்ராவில் காடு எரிந்தால் இங்கே முகக்கவசம் விற்றுத் தீர்ந்துவிடும். வெளியிலிருந்து வரும் நஞ்சுக்கு இவ்வளவு பதறும் நாம், சொந்த வயிற்று வலியால் தானாக மூச்சைச் சுருக்கிக்கொள்ளும் மனிதரைப் பார்த்து "நல்லா தூங்குறாரு" என்று திருப்திப்படுகிறோம்.

நம் தமிழில் 'மூச்சுப் பிடிப்பு' என்று ஓர் அருமையான சொல் உண்டு. சுமையைத் தவறாகத் தூக்கினால் விலாவில் பிடித்துக்கொள்ளும், மூச்சை இழுத்தால் குத்தும், அதனால் மேலோட்டமாகவே மூச்சு விடுவோம். அறுவை முடிந்தவரின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அதோடு முடியவில்லை. வலிதான் மூச்சைத் தடுக்கிறது, வலியைப் போக்கினால் மூச்சு வரும் என்றுதான் மருத்துவ உலகமும் நெடுங்காலம் நினைத்தது. 1983-இல் பிரெஞ்சு மருத்துவர் சிமோனோவும் சகாக்களும் மேல்வயிற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதுகுத்தண்டின் வெளியுறை வழியே மார்ஃபின் இனத்து ஃபென்டனில் கொடுத்து வலியை நன்றாகத் தணித்தார்கள். வலி போனது. உதரவிதானமோ சோர்ந்தது சோர்ந்தபடியே இருந்தது! ஐந்து ஆண்டுகள் கழித்து, 1988-இல், மங்கிக்கியான் குழுவினர் அதே வழியில் ஃபென்டனிலுக்குப் பதிலாக நரம்பையே மரக்கச்செய்யும் புபிவகெயின் கொடுத்தபோது உதரவிதானம் ஓரளவு மீண்டது.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபென்டனில் வலி உணர்வைத் தணிக்கிறது. புபிவகெயின், புண்பட்ட இடத்திலிருந்து கிளம்பும் செய்தியையே நரம்பில் நிறுத்துகிறது. அப்படியானால் வயிற்றிலிருந்து போகும் ஏதோவொரு செய்தி, நாம் வலியாக உணராவிட்டாலும், மூச்சுத் தசையை அடக்கிவைக்கிறது. அதே காலத்தில் மயக்கத்திலிருந்த நாய்களின் பித்தப்பையைத் தூண்டிப் பார்த்தவர்களும் மூச்சு அடங்குவதைக் கண்டார்கள். நாய் மயக்கத்தில் இருந்தது, அதற்கு வலி தெரிய வழியில்லை. ஆகவே "எனக்கு வலியே இல்லை, ஊசி எதற்கு?" என்று கேட்கும் வீரருக்கும், "மார்ஃபின் கொடுத்தாயிற்று, இனி மூச்சு தானாக வரும்" என்று நினைப்பவருக்கும் ஒரே பதில்தான். வலி தெரியாமல் இருப்பது வேறு, மூச்சு மீள்வது வேறு. போதாததற்கு மார்ஃபின் இனத்து மருந்துகள் மூளையின் மூச்சு மையத்தையே மந்தப்படுத்தும். குறட்டைவிட்டு இடையிடையே மூச்சு நின்று தூங்குபவருக்கு அந்த மருந்தைக் கூட்டிக்கொண்டே போவது எந்த மருத்துவருக்கும் நிம்மதி தரும் வேலையல்ல.

இப்போது அந்த ஊசி. அத்தைமார்கள் நினைப்பதுபோல் இது தண்டுவடத்தில் போடுவதல்ல. வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரோட்டா மடிப்புபோல் கிடக்கின்றன. நடு மடிப்புக்கும் உள் மடிப்புக்கும் இடையில்தான் விலாவிலிருந்து இறங்கிவரும் நரம்புகள் ஓடுகின்றன. அந்த இடுக்கில் மரப்பு மருந்தைப் பரப்பிவிட்டால் வயிற்றுச் சுவரின் முன்பக்கம் மரத்துப்போகும். மருத்துவர்கள் இதை டாப் பிளாக் என்பார்கள். 2001-இல் ரஃபி என்பவர் இடுப்பில் ஒரு முக்கோண இடத்தைத் தடவிக் கண்டுபிடித்துச் செய்யலாமென்று எழுதினார். சில ஆண்டுகளில் அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி நகர்வதைப் பார்த்துக்கொண்டே செய்ய ஆரம்பித்தார்கள். 2008-இல் ஆஸ்திரேலியாவின் ஹெபார்ட் விலாவெலும்பின் ஓரமாகவே ஊசியை நகர்த்தி மேல்வயிற்றையும் எட்டும் முறையை விவரித்தார், பித்தப்பைக்கு அதுதான் பொருத்தம். 2016-இல் ஃபொரேரோவும் சகாக்களும் முதுகெலும்பின் பக்கத்து முனையை ஒட்டியிருக்கும் தசையின் அடியில் மருந்தைப் பரப்பும் இன்னொரு முறையைச் சொன்னார்கள். அதில்கூட ஊசி தண்டுவடத்துக்குப் போவதில்லை.

ஆபத்தே இல்லையா? உண்டு. மருந்து இரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம், அதனால்தான் எடைக்கேற்ப அளவைக் கணக்கிடுகிறார்கள், முறிப்பதற்குக் கொழுப்புக் கரைசலைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். ஊசி வழிதவறிக் குடலையோ கல்லீரலையோ தொடுவது மிக அபூர்வம். இந்த ஆபத்துகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். ஆனால் பத்து வருட முதுகுவலிக் கதையைக் கொண்டுவந்து வயிற்றுச் சுவர் ஊசியின்மேல் ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன்.

என்னை மறுப்பவர்களில் அத்தைகளைவிட வலுவானவர்கள் மருத்துவர்களே. அவர்களில் சிலர் சொல்வது இது: பித்தப்பைத் துளை அறுவைக்கு நரம்பு மரப்பு அவசியமில்லை. பாரசிட்டமோல், டைக்ளோஃபினாக் வகை மருந்து, ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன், துளைகளின் ஓரத்தில் அறுவை மருத்துவரே போடும் மரப்பு மருந்து, இவை போதும். புரோஸ்பெக்ட் என்ற ஐரோப்பிய வல்லுநர் குழுவின் பரிந்துரையும் இவற்றைத்தான் முன்னால் வைக்கிறது. அடிப்படை மருந்துகளைக் கொடுக்க முடியாத நிலையில்தான் டாப் பிளாக்கைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது.

இதை நான் மறுக்கப்போவதில்லை. அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பிடித்துக்கொள்கிறேன். அடிப்படை மருந்துகளைக் கொடுக்க முடியாதவர் யார்? சிறுநீரகம் தளர்ந்தவருக்கு டைக்ளோஃபினாக் கொடுக்கத் தயங்குவார்கள். வயிற்றுப்புண்காரருக்கும், அந்த வகை மாத்திரையால் இழுப்பு வரும் ஆஸ்துமாக்காரருக்கும் அப்படியே. சர்க்கரை கட்டுக்கு மீறியிருப்பவருக்கு டெக்ஸாமெத்தசோன் அதை இன்னும் ஏற்றும். 2019-இன் தேசியக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் வயது வந்தோருக்கு நீரிழிவு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, மற்ற பெரிய இனங்களைவிட அதிகம். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவுதான். ஐரோப்பியப் பரிந்துரை விதிவிலக்கு என்று ஓரத்தில் எழுதியிருக்கும் நோயாளி, சிகாமட்டிலும் குளுவாங்கிலும் மாசாயிலும் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டீயில் சீனி போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறார். டைக்ளோஃபினாக்கை அடித்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது பாரசிட்டமோலும் டிரமடோல், மார்ஃபின் வகையும்தான். அவரிடம் "துளை அறுவைக்கு பிளாக் வேண்டியதில்லை" என்று பொதுவிதியைச் சொல்வது, குடை இருப்பவனுக்கு எழுதிய அறிவுரையை நனைந்துகொண்டிருப்பவனுக்குப் படித்துக் காட்டுவதுதான்.

இனி என் கட்சிக்காரர்களையும் கொஞ்சம் கண்டிக்கவேண்டும். பிளாக் போட்டாயிற்று, மூச்சு காப்பாற்றப்பட்டது என்று பேசும் புதுப் பக்தர்கள் தோன்றியிருக்கிறார்கள். டாப் பிளாக் வயிற்றுச் சுவரை மட்டுமே மரக்கச்செய்யும். உள்ளுறுப்பின் வலி வேறு நரம்பு வழியே போகிறது, அது போய்க்கொண்டேதான் இருக்கும். அறுவைக்கு மறுநாள் தோள்பட்டையில் வரும் வலியையும் அது தொடாது. வாயுவும் இழுவையும் உதரவிதானத்தை எரிச்சலூட்ட, கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு அதைத் தோள்வலியாக அறிவிக்கிறது. ("வாயு பிடிச்சிருக்கு" என்று அத்தை சொல்வது இங்கே மட்டும் எழுத்துக்கு எழுத்து சரி.) வலியும் மார்ஃபின் தேவையும் குறைவதற்கு நல்ல சான்று உண்டு. நுரையீரல் சிக்கலே குறைகிறது என்பதற்கான சான்று துளை அறுவையைப் பொறுத்தவரை மெலிந்தது. நரம்பு மரப்பு என்றாலே மூச்சுக்கு நன்மை என்பதும் தவறு. தோள் அறுவைக்காகக் கழுத்தில் போடும் பழைய அளவு மரப்பு ஊசி, அந்தப் பக்கத்து உதரவிதானத்தையே சில மணி நேரம் முடக்கிவிடும்.

அப்படியென்றால் ஏன் இவ்வளவு வாதாடுகிறேன்? ஒரு தடவை போட்ட மரப்பு ஏறக்குறைய அரை நாள் தாங்கும். அந்த அரை நாளில் நோயாளி எழுந்து உட்காரலாம், தலையணையை வயிற்றில் அணைத்து இருமலாம், கழிவறைவரை நடக்கலாம். நுரையீரலைத் திறப்பது ஊசியில்லை, இந்த வேலைகள்தாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு திறந்த மேல்வயிற்று அறுவையைப் பற்றியது. அறுவைக்கு முன் இயன்முறை மருத்துவர் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து, எழுந்தவுடன் எப்படி மூச்சுவிட வேண்டும், ஏன் என்று சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான். நுரையீரல் சிக்கல் வந்தவர்கள் 27 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தார்கள். துளை அறுவைக்கு அதே அளவு பலன் என்று நான் சொல்லவில்லை. அரைமணி நேரப் பேச்சுக்கு இவ்வளவு சக்தி என்றால், "அசையாமப் படு" என்ற இரண்டு சொல்லுக்கும் சக்தி இருக்கத்தானே செய்யும், எதிர்த்திசையில்! அந்தப் படுக்கையில் அரை நாள் மரப்பும் வீணாகத் தேய்ந்து போகும்.

தையல் பிரிந்துவிடுமே? துளை அறுவையின் தையல் கையால் அணைத்துக்கொண்டு இருமினால் பிரிவதில்லை. பச்சை உடம்பு என்ற சொல் பிள்ளை பெற்றவளைக் கழனிக்கு அனுப்பாமல் காப்பாற்றிய நல்ல சொல். பாரம் தூக்கவேண்டாம் என்பதற்கு அது இன்றும் செல்லும். மூச்சை இழுக்கவேண்டாம் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை, நாம்தான் சேர்த்துக்கொண்டோம்.

இன்னொன்று, நம் வாயைப் பற்றியது. 2008-இல் மலேசியச் சுகாதார அமைச்சு வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக ஏற்றது. காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், அவற்றோடு வலி. அதனால்தான் மிஸ்ஸி, அதாவது தாதி, கட்டிலருகே வந்து "சாக்கிட் பெராப்பா?" என்று வலி பத்துக்கு எவ்வளவு எனக் கேட்கிறார். நம் ஆட்கள் அசையாமல் மல்லாந்து படுத்தபடி, "சிக்கிட் சாஜா" என்கிறார்கள், கொஞ்சம்தான். தாளில் இரண்டு என்று ஏறுகிறது. படுத்துக் கிடக்கையில் இரண்டாக இருப்பது இருமும்போது எட்டாக இருக்கும், அந்த எட்டு யாருக்கும் தெரிவதில்லை. மச்சானின் தாளிலும் கடைசிவரை இரண்டுதான் இருந்தது. பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக வளர்த்துவிட்டோம், தோட்டத்து வெயிலில் அதற்கு ஒரு காலம் இருந்திருக்கலாம்.

ஆகவே இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது வயிற்றில் துளை அறுவைக்குத் தேதி குறித்திருந்தால், மயக்கவியல் மருத்துவரிடம் சிறுநீரக எண்ணையும் குறட்டையையும் புகைப்பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். இவருக்கு நரம்பு மரப்பு பொருந்துமா என்று நீங்களே கேளுங்கள், வேண்டாமென்றால் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலி எவ்வளவு என்று மிஸ்ஸி கேட்கும்போது இருமிப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்குப் போட்ட மரப்பு இரவு பத்து மணிவாக்கில் தேய்ந்துவிடும். அதற்குள் அவரை எழுப்பி உட்கார வையுங்கள், அத்தை கோபித்துக்கொண்டாலும்.